கட்டாக் கருவாடும் நட்சத்திரக் கலமும்

பெப்ரவரி 10, திங்கள்

காலையில் பனி. வாடைக்காற்று இன்னும் விடவில்லை. ஒன்பது மணிக்குள் வெயில் ஏறிவிடும், கருவாட்டுக்கு நல்ல நாள்.

நிறுக்கும் நாள். சுபஹ் தொழுத கையோடு, மச்சானோடு வேலை செய்த ரஹீம் காக்கா வந்தார். மச்சானை பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கி, பின்வளவில் கருவாடு காயப்போடும் எங்கள் வாடிக்குக் கொண்டுபோய், சாக்கு நிறுக்கும் தராசில் வைத்தோம். கதிரையைக் கழித்தால் 49. போன திங்கள் 50. செப்டெம்பரில், டொக்டர் வருத்தத்துக்கு இயக்க நரம்பு நோய் என்று பெயர் சொன்ன கிழமை, 61.

மச்சான் தராசில் இருந்தபடியே கேட்டார். இப்போது ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும், நாக்குப் புரளாது.

"எத்தினாம்... தரம்?"

"முதலாந் தரம். கொழும்புக்கு ஏத்துற சாமான்" என்றார் ரஹீம் காக்கா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை. இடம்பெயர்ந்திருந்து சிலாவத்துறைக்குத் திரும்பி வந்து குடியேறிய நாளிலிருந்து அந்தத் தராசில் மற்றதையெல்லாம் நிறுத்தவர், என் புருசன். இப்போது வாடியை ரஹீம் காக்கா பார்க்கிறார், இவர் தராசில் ஏறுகிறார்.

மருந்து: காலை 5 மணி, மாலை 5 மணி. வெறும் வயிறு. ஒரு நாளும் தவறவில்லை.

மத்தியானம்: குழைய அவித்த சோறு, பூசணி, உப்பு மட்டாக. ஏழு கரண்டி. இரண்டு முறை புரைக்கேறியது.

குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிய தாள் கிழிந்துவிட்டது. சிவப்புப் பேனையால் புதிதாக எழுதி ஒட்டினேன்.

விலக்க வேண்டியவை
அஜினோமோட்டோ
சூப் கட்டி
சோயாமீற்
தக்காளி
மாசிக் கருவாடு
கருவாடு, எந்த மீனும்

காரணம் கீழே எழுதவில்லை. வீட்டில் எல்லோருக்கும் பாடம். எல்லாவற்றிலும் குளூட்டமேற்று. அதுதான் அவருடைய நரம்பைக் கொல்வது.


பெப்ரவரி 11, செவ்வாய்

பள்ளிக்கூடம். ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. கடைசியாகக் காதில் விழுந்தது: "...ஆளைப் பாத்தா எலும்பும் தோலும். இவ என்னத்தைத்தான் சமைக்கிறாவோ."

கேட்காத மாதிரி கொப்பிகளை அடுக்கினேன்.

தரம் 12, நரம்புத் தொகுதி. நரம்புக்கலத்தைப் படிப்பிக்கும்போது வெண்கட்டி மூன்று தரம் உடைந்தது. ஒரு நரம்புக்கலம் அடுத்ததற்குச் செய்தி சொல்ல குளூட்டமேற்றை வெளியே விடுகிறது. செய்தி போய்ச் சேர்ந்த பிறகு அதை அங்கே தேங்க விடக்கூடாது. பக்கத்தில் நிற்கும் நட்சத்திரக் கலம் உறிஞ்சி எடுக்கும். உருமாற்றி, திரும்பப் பாவிக்கக் கொடுக்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு துப்புரவு. இது பாடம்.

பாடத்தில் இல்லாதது: மச்சானுக்கு வந்த வருத்தத்தில் அந்த உறிஞ்சும் வாய்கள் குறைந்துவிடுகின்றன. ஏன் என்று ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. குளூட்டமேற்று தேங்க, நரம்புக்கலம் ஓயாமல் கிளறப்பட்டு, கல்சியம் அளவுக்கு மீறி உள்ளே ஏறி, செத்துப்போகிறது. முதலில் வலது கைக்குரியவை. கட்டா மீன் கிழிக்கும்போது கத்தி நழுவியது, ஒரு தரமல்ல, ஏழெட்டுத் தரம். பிறகு கால். இப்போது தொண்டை.

செப்டெம்பரில் இதையெல்லாம் அவருக்குப் படம் போட்டு விளங்கப்படுத்தினேன். அப்போது பேச்சு நன்றாக இருந்தது. கேட்டுவிட்டுச் சொன்னார்: "மீன் கிழிச்ச இடத்தைக் கழுவுறவன் வேலைக்கு வரயில்ல. அவ்வளவுதானே?" அவ்வளவுதான். என் ஏ/எல் பிள்ளைகளுக்கு இரண்டு பாடவேளை எடுத்தது.

கழுவுபவன் வராவிட்டால் மீனைக் குறைக்க வேண்டும். அப்படித்தான் அன்றைக்கு இந்தத் தாளை எழுதினேன். ஒரு வீடியோவிலும் அதையே சொன்னார்கள்.

நட்சத்திரக் கலத்தின் பாதங்கள் மூளையின் இரத்தக் குழாய்களைச் சுற்றிப் பிடித்திருப்பதையும் வரைந்து காட்டினேன். குருதி மூளைத் தடை. கண்டதெல்லாம் உள்ளே போகாமல் காவல். முன் வாங்கு பிள்ளை சஹ்லா கேட்டாள், "அப்ப டீச்சர், நாங்க தின்னுறதெல்லாம் மூளைக்குப் போகாதா?"

"சோதினைக்கு வராது, இரு" என்றேன்.

தலையிடி. இரண்டு பனடோல்.


பெப்ரவரி 12, புதன்

சண்டை.

ஹாஜரா மதினி மத்தியானம் கோப்பையோடு வந்தா. மச்சானின் மூத்த ராத்தா, அடுத்த வளவு. மூடியைத் திறக்கமுதலே வாசம் வீடெல்லாம். கட்டாக் கருவாட்டுச் சொதி, தக்காளி போட்டது.

"கொண்டு போங்கோ மதினி."

"ஒரு வாய் குடுக்கத்தான் வந்தனான். நோன்பும் வரப்போகுது. என்ட தம்பிக்குக் குடுக்க உன்னட்ட கேக்கோணுமா?"

"விசத்தைக் குடுக்கிறதெண்டா கேக்கத்தான் வேணும்."

விசம் என்ற சொல் வாயிலிருந்து வந்துவிட்டது. மதினியின் முகம் சுருங்கியது. "கருவாடு வித்துத்தான் உன்ட பிள்ளை படிக்குது. படிச்ச திமிரில என்ட தம்பிய பட்டினி போட்டுக் கொல்லுறாய். நான் சொல்லுறன், நீதான் கொல்லுறாய்."

போய்விட்டா. கோப்பையையும் எடுத்துக்கொண்டு.

மகள் ரிஸ்னா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மச்சான் கோப்பை போன திசையைப் பார்த்தபடி இருந்தார். நான் பூசணி கடைந்தேன். ஐந்து கரண்டி.

ஓ/எல் சோதினை தாண்டாத ஒரு மனுசிக்கு நான் என்னத்தை விளங்கப்படுத்துவது. கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நாளை கிளினிக். எடுத்துவைக்க: கொப்பி, மருந்துச் சிட்டை, துவாய், கழுத்துப் பட்டி, உறிஞ்சு குழாய். வான் விடிய 4.30.


பெப்ரவரி 13, வியாழன்

எப்படி எழுதுவது.

ஒழுங்காக எழுதுகிறேன்.

மச்சானை மூச்சுப் பரிசோதனைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். போசாக்குப் பிரிவு டொக்டர், சின்னப் பிள்ளை, என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும், என்னைத் தனியே கூப்பிட்டா. நிறைக் கணக்கைப் பார்த்துவிட்டு, ஒரு நாளில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டா. நான் பெருமையோடுதான் சொன்னேன். தாளில் உள்ளதை வரிசையாகச் சொன்னேன். குளூட்டமேற்று என்றேன், நட்சத்திரக் கலம் என்றேன்.

அந்தப் பிள்ளை பேனையை மேசையில் வைத்தது.

"டீச்சர், சாப்பாட்டில உள்ள குளூட்டமேற்று மூளைக்குப் போறேல்ல. குடல் சுவரே அதில அரைவாசிக்கு மேல எடுத்து எரிச்சிடும். மிச்சம் இரத்தத்தில வந்தாலும் தடை இருக்கு. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்யுது. இவருக்குப் பிழை நடக்கிற இடம் வேற, குசினியில இல்ல."

நான், "தடை" என்றேன். செவ்வாய்க்கிழமை வெண்கட்டியால் வரைந்த தடை.

"இந்த வருத்தத்தில நிறை குறையிறதுதான் கூடாது. கொழுப்பு, முட்டை, கருவாடு, என்ன ஆசைப்பட்டாலும் குடுத்திருக்கலாம். ருசியிருந்தா இன்னும் நாலு கரண்டி போயிருக்கும்." பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "வருத்தத்தாலயும் குறையும் டீச்சர். எல்லாம் உங்களால இல்ல."

எல்லாம் இல்லை. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அந்தப் பிள்ளையும் சொல்லவில்லை.

மூச்சுப் பரிசோதனை: போன முறையைவிடக் குறைவு. நரம்பு டொக்டர் சொன்னது: சாப்பாடு ஊற்ற வயிற்றில் குழாய் வைப்பதென்றால் இப்போதே வைக்க வேண்டும், மூச்சு இன்னும் இறங்கினால் அந்தச் சின்னச் சத்திரசிகிச்சையைக்கூட உடம்பு தாங்காது. செவ்வாய் காலைக்குப் பெயர் எழுதியிருக்கிறார். திங்கள் வந்து படுக்க வேண்டும். ஆனால் மச்சான் ஓம் சொல்ல வேண்டும். டிசெம்பரிலேயே வேண்டாம் என்றவர். இன்றைக்கும் தலையை ஆட்டினார், வேண்டாம்.

குழாய் இல்லையென்றால் இதே வேகத்தில் எத்தனை திங்கட்கிழமை. எனக்குக் கணக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

வானில் வரும்போது அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். பாரமே இல்லை.


பெப்ரவரி 14, வெள்ளி

சொல்லவில்லை.

இதை இங்கே மட்டும்தான் எழுதலாம். இன்றைக்கும் பூசணிதான் கடைந்தேன். உப்பு மட்டாக. திடீரென்று கருவாடு வைத்தால் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். சொல்லப் பயந்து, தெரிந்துகொண்டே, இன்னொரு நாளும் அவரைப் பட்டினி போட்டேன். ஐந்து மாதம் தெரியாமல் செய்தது. இன்று செய்தது தெரிந்து.

நான்கு கரண்டி.

ஜும்ஆவுக்கு ரஹீம் காக்கா தள்ளுகதிரையில் கொண்டுபோனார். வீடு வெறிச்சென்றிருந்தது. குசினிக்குள் போய் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையெழுத்து நல்ல கையெழுத்து. தொழப் போய், துஆக் கேட்கக் கையை ஏந்தினால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அல்லாஹ்விடம் கேட்க வாய் வராத நாள் இதற்கு முன் இருந்ததில்லை.

மாலையில் தரம் 12 விடைத்தாள் திருத்தினேன். சஹ்லா நட்சத்திரக் கலத்தின் தொழில்களில் தடையை முதலாவதாக எழுதியிருக்கிறாள். முழுப் புள்ளி.

மகள் கேட்டாள், "உம்மா, வாப்பா குழாய்க்கு ஓம் சொல்லுவாரா?"

"சொல்லுவார்."

"நீங்க கேளுங்கோ. நீங்க சொன்னா அவர் கேப்பார்."

கஷ்டமே அதுதான், மகள். நான் சொன்னதையெல்லாம் கேட்டவர்.


பெப்ரவரி 15, சனி

காற்று விழுந்துவிட்டது. வாடியில் நெத்தலி பரப்பியிருக்கிறார்கள், யன்னலால் வாசம். யன்னலை மூடவில்லை. ஐந்து மாதத்தில் முதல் தரம்.

காலை மருந்து கொடுத்து, முகம் துடைத்து, நிமிர்த்தி இருத்திவிட்டு, முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். சொன்னேன். எல்லாவற்றையும். டொக்டர் சொன்னது, தடை, குடல், நிறை, நேற்றைய பூசணி. "நான் பிழையாப் படிச்சுப்போட்டன் மச்சான். நான்தான் உங்களை மெலிய வச்சனான்."

அவர் என்னைப் பார்த்தார். இப்போது கண்தான் அவருக்கு நன்றாக வேலை செய்வது.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நவம்பர்... கேட்டனான். டொக்டரிட்ட. நீ... மருந்தெடுக்க... போனனி. கருவாடு... தின்னலாமா... எண்டு."

"என்ன சொன்னவர்?"

"எல்லாம்... தின்னலாம்... எண்டவர்."

ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று எத்தனை தரம் கேட்டேன் தெரியாது. சத்தமாகத்தான் கேட்டிருக்க வேண்டும், மகள் வாசலில் வந்து நின்றாள். அவருக்குச் சொல் சேர நேரம் எடுத்தது.

"முதல்... முழு நாளும்... அழுதனி. தாள்... எழுதத் தொடங்கி... அழயில்ல."

பிறகு, மூச்சு எடுத்து: "உனக்கு... ஒரு வேலை... வேணும்."

எழுந்து வாடிக்குள் போனேன். சாக்குகளுக்கு இடையில் நின்று அழுதேன். பிறகு கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. நவம்பரில் 57. அங்கிருந்து இறங்கியதில் ஒரு பங்கை இந்த மனிதர் தெரிந்துகொண்டே விட்டிருக்கிறார், நான் அழாமல் இருப்பதற்காக. இதை அன்பு என்று என்னால் எழுத முடியவில்லை. வேறு சொல்லும் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால், நான் மிச்ச மூன்று மாதமும் அழுதிருப்பேன், அவர் 57இல் இருந்திருப்பார்.

ரஹீம் காக்கா என்னைக் கண்டுவிட்டு, நெத்தலியைக் கிளறப் போகிற மாதிரி அங்கால் போனார்.

அஸருக்குப் பிறகு திரும்பப் போய் இருந்தேன். முகம் கழுவிக்கொண்டுதான்.

"குழாய்க்கு ஓம் சொல்லுங்கோ மச்சான். எனக்காக இல்ல. எனக்காகச் செய்ததெல்லாம் போதும்."

மகள் வந்து அவருடைய காலடியில் இருந்தாள். அவளைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். பிறகு, "முதல்... கட்டாச் சொதி."


பெப்ரவரி 16, ஞாயிறு

மதினி வீட்டுக்குப் போனேன். அடுத்த வளவுதான். கால் போகவில்லை.

மதினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மதினி, கட்டாச் சொதி வைக்கோணும். எனக்குக் கை மறந்துபோச்சு. நீங்க வந்து வையுங்கோ."

துருவல் நின்றது.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். "டொக்டரும் அதைத்தான் சொன்னவ."

திட்டுவா என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லது. "என்ட அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, துருவிய தேங்காயை அப்படியே கோப்பையோடு தூக்கிக்கொண்டு எழும்பினா.

கருவாட்டை வாடியில் மச்சானே தெரிந்தெடுத்தார். ரஹீம் காக்கா ஒவ்வொன்றாகக் காட்ட, இவர் கண்ணால் இல்லை, இல்லை, இல்லை. ஆறாவது துண்டுக்கு ஓம்.

மதினி சமைத்தா. நான் அரைத்து, வடித்து, தண்ணியாக இருந்தால் புரையேறும் என்று கஞ்சிப் பதத்துக்குக் கட்டியாக்கினேன். முதல் கரண்டி நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். விழுங்கவில்லை. வாய்க்குள் வைத்திருந்தார். எல்லோரும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது.

"உப்பு... காணாது."

"கருவாட்டுச் சொதிக்கு உப்புக் காணாதெண்டு சொல்லுற ஒரே ஆள் என்ட தம்பிதான்" என்றா மதினி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உப்பு எடுக்கப் போனா.

ஒன்பது கரண்டி. பத்தாவது புரைக்கேறியது. கொஞ்சமல்ல. உதடு நீலம் பாய்ந்தது. நான் முதுகைத் தட்ட, மதினி கலிமா சொல்ல, மகள் குழறி அழுதாள். இதற்காகத்தான் ஓம் சொல்ல வைத்தேனா, குழாய் வைக்க முதல் என் கையாலேயே போகப்போகிறாரா என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் உடம்பில் இருக்கிறது. பிறகு மூச்சு வந்தது. வியர்த்து, களைத்து, கண்ணில் நீர்.

கரண்டியைக் கண்ணால் காட்டினார். இன்னொன்று.

கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தேன். அரைக் கரண்டி.


பெப்ரவரி 17, திங்கள்

பனி. ரஹீம் காக்கா நேரத்தோடு வந்தார். 49. குறையவில்லை.

"ஒரு நாள் கருவாடு தின்னதுக்கே இப்பிடி, இனி கூடத்தான் செய்யும்" என்றார் காக்கா. நம்பிச் சொல்கிறாரோ எனக்காகச் சொல்கிறாரோ. இனி யார் எதை யாருக்காகச் சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டி வரும்.

நாளை டொக்டர்மார் திரும்பவும் மூச்சைப் பார்ப்பார்களாம். பார்த்துவிட்டு முடியாது என்றும் சொல்லலாம். முடியும் என்றாலும் கழுவுபவன் திரும்ப வரப்போவதில்லை, குழாய் அதற்கில்லை. தெரியும். பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்பார்கள், குறையவில்லை.

அலுமாரித் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினேன். கொண்டுபோக:

கிளினிக் கொப்பி
மருந்து
சாரம் 3, துவாய் 2
கழுத்துப் பட்டி
தஸ்பீஹ்
போன் சார்ஜர்
சுடுதண்ணிப் போத்தல்
சொதி, வடித்தது, சின்னப் போத்தல். மதினி ஐஸ் வைத்துக் கட்டித் தந்தது

மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். எட்டாவதில் நிறுத்தச் சொன்னார், கண்ணால்.

"நாளைக்கு வாயால ஒண்டும் குடுக்க விடமாட்டினம். குழாய் வச்சு, அவை ஓம் எண்டு சொன்ன பிறகு அதால ஊத்தலாம். கேட்டனான். அரைச்சு வடிச்சா என்னவும் விடலாமாம்" என்றேன்.

"குழாய்க்கு... நாக்கு... இல்லையே."

அவருக்கு இன்னும் சொல்ல இருந்தது. காத்திருந்தேன்.

"ஒரு சொட்டு... முதல்ல... இஞ்ச." நாக்கை நீட்டப் பார்த்தார். பல் வரைக்கும்தான் வந்தது.

ஒன்பதாவதாக எழுதினேன். நாக்கில் ஒரு சொட்டு, முதலில்.

வான் வந்துவிட்டது.